மங்கிய வெளிச்சத்தில் பறவைகளைப் படம் எடுக்க விலை உயர்ந்த லென்ஸ் இருந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் கேள்வியோடு சேர்த்து, "நாய்ஸ் வந்துவிடும் என்பதால் ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி சுருக்கென்று தைத்தது. இரண்டு வருடம் நானும் அதே விரதம் இருந்தவன். (புதியவர்களுக்கு: நாய்ஸ் என்பது படத்தில் மணல் மாதிரி தெரியும் புள்ளிகள்; ஐஎஸ்ஓ என்பது கேமரா படத்தை எவ்வளவு பிரகாசமாக்கிக் காட்டும் என்பதற்கான எண்.)

உங்களிடமும் 150-600 மாதிரி ஒரு ஜூம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 600 மி.மீ.-இல் லென்ஸின் வாய் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் வாய் பெரிது, ஒளி அதிகம்). என்னுடையதும் அதேதான்.

நான் பின்னால் அலைந்தது வக்காவுக்காக. இராக்கொக்கு என்றும் சொல்வார்கள். பகலெல்லாம் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு மரத்தில் தூங்கும். பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் தண்ணீர் ஓரத்துக்கு இரைதேட வரும். அதாவது நாம் கேமராவை மூடிவைக்கும் நேரத்தில். பதினோரு சாயங்காலம் கரையில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். பதினோராம் நாள் அது என் கண் முன்னாலேயே ஒரு மீனைப் பிடித்தது. ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/40, அதாவது ஒளி உள்ளே விழும் நேரம் வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு. அறுபது படத்துக்கு மேல் தட்டினேன். கேமராவின் குட்டித் திரையில் எல்லாமே பிரமாதம்.

வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், வக்கா நனைந்த பஞ்சு மாதிரி இருக்கிறது. லென்ஸைத்தான் திட்டினேன். ஒரு வாரம் கழித்துத்தான் பின்னால் நின்ற கோரைப்புல் கண்ணில் பட்டது. தாள் தாளாக, அவ்வளவு கூர்மை! லென்ஸ் மோசமாக இருந்தாலோ கை ஆடியிருந்தாலோ கோரையும் கலங்கியிருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அது நம் கை நடுக்கத்தைப் பிடித்து நிறுத்துமே தவிர, பறவையின் கழுத்தை நிறுத்தாது.

அடுத்த முறை மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஐஎஸ்ஓ 12800 வைத்தேன். மூன்று ஸ்டாப் (ஒவ்வொன்றும் இரட்டிப்பு) கூடுதல், ஆகவே அதே வெளிச்சத்தில் ஷட்டர் 1/320-க்குப் போனது. கொத்துகிற கணம் அப்போதும் கலங்கித்தான் வந்தது. அந்த வேகத்துக்கு 1/320 எல்லாம் போதாது. ஆனால் கொத்திவிட்டு மீனோடு நின்றதே, அதில் அந்தச் சிவப்புக் கண்ணின் விளிம்புவரை தெளிவு. நாய்ஸ் இருந்ததா? இருந்தது, மணல் தூவியதுபோல. ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) என்பதால் மென்பொருளில் பெருமளவு குறைக்க முடிந்தது. கலங்கலுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை.

"12800-இல் எடுப்பதெல்லாம் ஒரு படமா" என்று கேட்க இங்கேயே நாலு பேர் வருவார்கள். நாய்ஸுக்கு முதல் காரணம் வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓ எண் அல்ல. 1600-இல் இருட்டாக எடுத்துவிட்டு அப்புறம் கணினியில் தூக்கிவிட்டால் அதே மணல் அங்கேயும் கிளம்பும், சில கேமராக்களில் இன்னும் மோசமாக. எஃப் 4 லென்ஸ் என்னுடையதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும், மறுக்கவில்லை. பணம் இருந்தால் வாங்குங்கள். ஆனால் 1600-க்கு மேல் போகமாட்டேன் என்கிற பிடிவாதத்தோடு வாங்கினால், 1/40 இருந்த இடத்தில் 1/100 கிடைக்கும். அவ்வளவுதான். அதைவிட, பறவை பயப்படாத தூரம்வரை நெருங்கிப் போங்கள். சின்னதாக விழுந்த பறவையை வெட்டிப் பெரிதாக்கும்போது நாய்ஸும் சேர்ந்து பெரிதாகிறது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த அந்தப் படம் என்ன ஆனது தெரியுமா? யாரோ மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, மேலே "காலை வணக்கம்" என்று ரோஜாப்பூவோடு எழுதி அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றி என் சித்தப்பாவிடமிருந்தே எனக்கு வந்தது. அந்தியில் எடுத்த படம் ஐயா அது! என்னுடையது என்று சொன்னதற்கு, "அப்படியா, நெட்டில் இருந்தது" என்றார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எங்கேயாவது சொல்ல வேண்டும்.

சரி, இன்னொன்று. இருட்டில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தால், நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அலகு கன்னத்தோடு சேரும் கோட்டில் பிடியுங்கள். வெறும் மார்புச் சிறகில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. ஃபிளாஷ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரவில் இரைதேடும் பறவையின் முகத்தில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் அதில் எனக்கு அனுபவமும் இல்லை.