தமிழ்நாட்டுக்கு விமானப் பயணம்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருச்சி தெற்கே இருப்பதால், சென்னையைவிட அதுதானே கோலாலம்பூருக்குப் பக்கம்?

பதில்: இல்லை. கோலாலம்பூரின் கேஎல்ஐஏ விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேர்த் தூரம் ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். திருச்சிக்கு ஏறத்தாழ 2,690. திருச்சி தெற்கே இருந்தாலும் மேற்கேயும் தள்ளியிருப்பதால் இந்த வேறுபாடு வருகிறது. இரண்டுக்கும் பயண நேரம் சுமார் 4 மணிதான். சொந்த ஊர் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் என்றால் திருச்சியில் இறங்குவதே நல்லது. சென்னையில் இறங்கினால் தஞ்சாவூருக்குச் சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: டிக்கெட்டில் இரவு 10.00க்குப் புறப்பாடு, 11.30க்குச் சென்னை என்று உள்ளது. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுமா?

பதில்: டிக்கெட்டில் ஒவ்வோர் ஊருக்கும் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்படும். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், அந்த ஒன்றரையோடு இரண்டரையைக் கூட்டினால் 4 மணி வருகிறது. திரும்பும்போது கழிக்க வேண்டும்: சென்னையில் நள்ளிரவு 12.30க்கு ஏறினால் இங்கே காலை 7.00க்கு இறங்குவீர்கள், பறந்தது அதே 4 மணிதான். வீட்டுப் பெரியவர்கள் இரண்டு மணி வித்தியாசம் என்று சொன்னால் மறுக்க வேண்டாம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்படும் வரை அவர்கள் சொல்வதே சரியாக இருந்தது.

கேள்வி: போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை?

பதில்: காற்றே முக்கியக் காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வலுவாக வீசுவதால் போகும் விமானத்துக்கு அது துணையாகவும் வரும் விமானத்துக்கு எதிராகவும் அமைகிறது.

கேள்வி: பினாங்கிலிருந்து போனால் நேரம் மிச்சமாகுமா?

பதில்: பினாங்கிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,365 கிலோமீட்டர், வானில் 20 நிமிடம் போலக் குறையும். உண்மையான மிச்சம் சாலையில்தான், ஏனெனில் சுங்கை சிப்புட்டிலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், கேஎல்ஐஏ இருக்கும் தூரத்தில் ஏறத்தாழ பாதிதான். ஆனால் நீங்கள் போகும் நாளில் நேரடி விமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறிச் செல்லும் டிக்கெட் என்றால் அந்த மிச்சம் முழுவதும் காத்திருப்பில் போய்விடும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை 12.30 ஏஎம் என்றால் என்றைக்குக் கிளம்ப வேண்டும்?

பதில்: இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அது வியாழக்கிழமை இரவு கழிந்து பிறக்கும் வெள்ளி. வெள்ளி இரவு போய் நின்றால் விமானம் பறந்து ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருப்பது நல்லது என்பதால் வியாழன் இரவு 9.30க்குள் அங்கே இருங்கள். கேஎல்ஐஏ என்றால் சாலையில் நான்கு மணி நேரமாவது ஒதுக்கி மாலை 5.30க்குள்ளும், தீபாவளி நெரிசல் நாளாக இருந்தாலோ வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தாலோ 4 மணிக்கேயும் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.