ஞானபீடம் வாங்கிய நீலமணி ஃபூகன் அப்படி என்ன எழுதிவிட்டார்?

கேள்வியில் இருக்கும் அந்த "அப்படி என்ன"தான் என்னைப் பதில் எழுத வைத்தது. அசாமியக் கவிஞர் ஒருவரின் பெயரைச் செய்தியில் பார்த்துத் தேடியிருப்பீர்கள், தமிழில் இரண்டு பத்திகூடக் கிடைத்திருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை.

வேலை மாற்றலில் அசாமின் குவாஹாட்டியில் மூன்று வருடம் இருந்தேன். அசாமிய மொழி பேச வரும், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். முறையாகப் படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மொழி தெரியாமல் கவிதை பேசாதே என்று மட்டும் வராதீர்கள்.

டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அப்படி ஒரு மாலை உஜான் பஜார் ஆற்றங்கரையில், கூட வேலை பார்த்த தாதா ஒருவர் (அங்கே தாதா என்றால் அண்ணன்) பிரம்மபுத்திராவைக் காட்டி "சூர்ய ஹேனோ நாமி ஆஹே எய் நதியேதி" என்றார். 1963இல் வந்த ஃபூகனின் தொகுப்புக்கு இதுதான் தலைப்பு. இந்தியில் விளக்கிக்கொண்டே வந்தவர் 'ஹேனோ'வில் நின்றுவிட்டார். "நான் பார்த்ததில்லை, யாரோ சொன்னார்கள், அந்த மாதிரி" என்று கையை ஆட்டினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சூரியன் இந்த ஆற்று வழியாகத்தான் இறங்கி வருகிறதாம். நம்முடைய அந்த 'ஆம்'! அதை எடுத்துவிட்டால் அது வெறும் தகவல், இருந்தால் பாட்டி சொன்ன கதை.

ஃபூகன் கவிதை முழுக்க இப்படித்தான், விளக்காது, ஒரு காட்சியை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 1933இல் டெர்கானில் பிறந்தவர், வரலாறு படித்தவர், குவாஹாட்டி ஆர்ய வித்யாபீட கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஜப்பானிய, சீனக் கவிதைகளையும் ஸ்பானியக் கவிஞர் லோர்காவையும் அசாமியத்துக்குக் கொண்டுவந்தார், அசாமின் நாட்டார் கலை பற்றியும் எழுதினார். புரியவில்லை என்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை, எனக்கும் பாதி புரியாது. சாகித்ய அகாதெமி 1981லேயே கிடைத்துவிட்டது. 2020க்கான ஞானபீடம் கைக்கு வந்தது 2022 ஏப்ரலில், அப்போது அவருக்கு 88 வயது. அடுத்த ஜனவரியில் போய்விட்டார்.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். எனக்கு அசாம் மாற்றல் வந்தபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் "என்னப்பா, தண்டனை மாற்றலா?" என்றுதான் கேட்டார்கள். திரும்பி வந்ததும் தேயிலைப் பொட்டலம் கேட்டார்கள், கொடுத்தேன். தாதா வழியனுப்பும்போது தந்த ஃபூகன் தொகுப்பும் அதே பையில்தான் இருந்தது. அது என்ன என்று இன்றுவரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள்.