பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறக்கும் கண்டுபிடிப்பு எப்படிக் கடைக்கு வருகிறது?

என் அத்தைக்கு ஸ்ரீசித்ரா என்ற செயற்கை இதய வால்வு வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. களியக்காவிளையில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கும் இரவுகளில் கரண்டு போய் ஃபேன் நின்றால், அவர் நெஞ்சிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா திருநாள் மருத்துவ நிலையத்தில் இதய அறுவை மருத்துவர் டாக்டர் வலியத்தானின் குழு 1970களின் கடைசியில் இந்த வேலையைத் தொடங்கியது. வெளிநாட்டு வால்வின் விலை அப்போது நம் ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் முதல் நோயாளிக்கு வைத்தது 1990 டிசம்பர் 6 அன்றுதான். இடையில் மூன்று மாதிரிகள் தோற்றன. ஒன்றில், வால்வுக்குள் திறந்து மூடும் நீலக்கல் வட்டு, சோதனைக்காகப் பொருத்திய ஆட்டின் உடலுக்குள்ளேயே உடைந்துபோனது. தேய்மானம் தாங்கும் ஒரு வகைப் பாலிஎதிலீனில் வட்டு செய்த நாலாவது மாதிரிதான் தேறியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூட வேண்டிய பொருள் அல்லவா? தயாரிப்பை டிடிகே குழுமம் ஏற்றது. இன்று ஒரு லட்சம் பேருக்கு மேல் அந்த வால்வோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

நடைமுறை என்று பார்த்தால் சுருக்கம்தான். கண்டுபிடித்தவர் தன் கல்வி நிறுவனத்தின் காப்புரிமை (பேடன்ட்) பிரிவில் தெரிவிப்பார். பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில்தான் விண்ணப்பம் போகும். அப்புறம் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுப்பார்கள். முன்பணம், விற்பனையில் ராயல்டி, அதில் கண்டுபிடித்தவருக்கு ஒரு பங்கு. காப்புரிமை 20 வருடம் செல்லும்.

நான் சறுக்கியது இதன் முதல் படியிலேயே. ரப்பர் பால் உறையாமல் இருக்க வழக்கமாகச் சேர்க்கும் அம்மோனியாவைக் குறைத்து ஒரு கலவை செய்திருந்தேன். கருத்தரங்கில் வாசித்தேன், கட்டுரையும் அச்சில் வந்தது. அதற்குப் பிறகுதான் காப்புரிமை பற்றி விசாரித்தேன். ஊருக்கே சொல்லிவிட்ட ஒன்றைப் புதுமை என்று சட்டம் ஏற்காது. விதிவிலக்குகள் மிகக் குறைவு. கல்லூரியில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டிருந்தால் முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைத்திருக்கும். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகையும் உண்டு. தயவுசெய்து கட்டுரையை அனுப்பும் முன் விண்ணப்பம் போடுங்கள்.

சரி, காப்புரிமை இல்லாவிட்டாலும் பொருள் பயன்படட்டும் என்று மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். ஆய்வகத்தில் அரை லிட்டர் பீக்கரில் பத்து நாள் அசையாமல் நின்ற பால் அது. அவர் 200 லிட்டர் பேரலில் கலந்தார். ஆனி மாதம், மழைத் தண்ணீர் கலந்த பால், பல தோட்டத்துச் சரக்கு. காலையில் மூடியைத் திறந்தால் புளித்த வாடை. கம்பை விட்டுக் கிளறினால் அடியில் வெள்ளைக் கட்டி ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் கோபப்படவில்லை. "தம்பி, பீக்கர்ல நின்னா போதாது, பேரல்ல நிக்கணும், கேட்டியா?" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் அவர் கொட்டகையிலேயே கிடந்தேன். ஒவ்வொரு தோட்டத்துப் பாலையும் தனித்தனியாக அளந்து, கலவையின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். என் ஆய்வேட்டில் இல்லாத பாதி விஷயம் அவர் நோட்டில் இருக்கிறது. உரிமம் வாங்கிய கம்பெனியோடு ஆய்வாளரும் தொழிற்கூடத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். கையெழுத்தான மறுநாளே அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டால், கம்பெனிக்காரர் முதல் பேரல் கெட்டதும் கைவிட்டுவிடுவார்.

இந்த ஆனியில் எங்கள் பேரல் ஆறு நாள் நின்றது. பத்து நாளாவது நின்றால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும்.