காயீன் ஆபேலிடம் என்ன சொன்னான்? – மித்ராஷ் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பண்டைய யூதர்களின் மறைநூல் விளக்க மரபான மித்ராஷ், சமயங்களுக்கிடையிலான உரையாடலுக்கு எவ்வாறு முன்மாதிரியாகும்?

பதில்: ஓர் இடத்தைக் காட்டினால் விளங்கும். ஆதியாகமம் 4:8இல் காயீன் தன் தம்பி ஆபேலிடம் பேசினான் என்று சொல்லும் எபிரேய மூலம், என்ன பேசினான் என்பதைச் சொல்லாமலே கொலைக்குச் சென்றுவிடுகிறது. ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தில் தொகுக்கப்பட்ட, ஆதியாகமத்துக்கான மித்ராஷ் நூலான பெரெஷித் ரப்பா, அந்த மௌனத்தில் நின்று எதற்காகச் சண்டை என்று கேட்கிறது. ஒருவன் நிலத்தையும் மற்றவன் அசையும் பொருள்களையும் எடுத்துக்கொண்டபின், ‘நீ நிற்பது என் நிலம்’ என்றும் ‘நீ உடுத்தியிருப்பது என் துணி’ என்றும் மோதிக்கொண்டார்கள் என்பது ஒரு விளக்கம். எருசலேம் ஆலயம் யாருடைய எல்லையில் எழும்புவது என்பதே சண்டை என்பது இன்னொன்று. ஒரு பெண்ணுக்காக என்பது மற்றொன்று. இவற்றுள் ஒன்றை வைத்து ஏனையவற்றை நீக்காமல், சொன்னவர் பெயரோடு அருகருகே வைத்திருக்கும் அந்தப் பழக்கத்தையே நான் முன்மாதிரி என்கிறேன்.

கேள்வி: அப்படியானால் யாரும் எந்தப் பொருளும் சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. விளக்கத்துக்கு வசனத்தில் ஒரு சொல்லோ இடைவெளியோ பிடிமானமாக இருந்தாக வேண்டும். பண்டைய யூத அறிஞர்களான ஹில்லேல், ஷம்மாய் ஆகியோரின் பள்ளிகள் மூன்றாண்டு வாதிட்டபின், ‘இவையும் அவையும் உயிருள்ள கடவுளின் சொற்களே’ என்று வானிலிருந்து குரல் எழுந்ததாக யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் கூறுகிறது. ஆயினும் சட்டம் ஹில்லேல் பள்ளியின்படியே அமைந்தது. அவர்கள் பணிவுடையவர்கள் என்பதும், எதிர்த்தரப்பின் கருத்தைத் தம் கருத்துக்கு முன்னரே எடுத்துரைத்தார்கள் என்பதும் அங்கேயே சொல்லப்படும் காரணங்கள்.

கேள்வி: யூத மறைஞான மரபான கபாலா பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: அது என் துறை அன்று.

கேள்வி: 1263இல் பார்சிலோனாவில் யூத, கிறிஸ்தவத் தரப்புகளிடையே நடந்த வாதமும் சமய உரையாடல்தானே?

பதில்: உறுதியாக மறுக்கிறேன். அரகோன் மன்னர் முதலாம் ஹைமேயின் கட்டளைக்கு உட்பட்டே ரம்பான் எனப்படும் யூத மறைநூல் அறிஞர் நாஹ்மனிதெஸ் அவைக்கு வந்தார். யூதராயிருந்து கிறிஸ்தவரான பாவ்லோ கிறிஸ்தியானி, மெசியா வந்துவிட்டார் என்பதற்கு மித்ராஷிலிருந்தே சான்று காட்டினார். மித்ராஷை நம்புகிறவருக்கு நன்று, நம்பாதவருக்குத் தீங்கில்லை என்று ரம்பான் விடையளித்தார். பிறருடைய விளக்க நூலை அவர்களுக்கு எதிரான ஆயுதமாக எடுக்காதீர்கள் என்று நான் மீண்டும் மீண்டும் எச்சரிப்பது இதனால்தான்.

கேள்வி: மன்னர் ரம்பானுக்குப் பேச்சுரிமை அளித்தாரே?

பதில்: அளித்தார். ஆனால் பேசியதை ரம்பான் நூலாக எழுதியதும், கத்தோலிக்கரான டொமினிக்கத் துறவிகள் அதற்காகவே அவர்மீது குற்றஞ்சாட்டினார்கள். சில ஆண்டுகளில் அவர் நாட்டைவிட்டே வெளியேறினார். வரமறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் பேசும் உரிமை போதாது.

கேள்வி: ஆக, எல்லா விளக்கமும் சரி என்கிறீர்களா?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இன்று இத்தகைய உரையாடலை யாராவது நடத்துகிறார்களா?

பதில்: 1990களில் பீட்டர் ஓக்ஸ், டேவிட் ஃபோர்டு, டேனியல் ஹார்டி ஆகியோர் தொடங்கிய மறைநூல் வாசிப்புக் குழுக்களில் யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் தத்தம் நூலின் சிறு பகுதிகளை ஒன்றாக அமர்ந்து வாசிக்கிறார்கள். ஒருமித்த முடிவு அங்கே எதிர்பார்க்கப்படுவதில்லை. நீங்கள் தொடங்குவதானால் ஆதியாகமம் 4:8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆதமின் இரு புதல்வர் கதை குர்ஆனின் 5ஆம் அத்தியாயத்திலும் வருகிறது, அங்கே இருவரின் பேச்சும் சொல்லப்பட்டிருக்கிறது.