பின்பக்கத்து எண்களைப் படியுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் வசிக்கும் வாசகர்கள், கொழுப்பும் சர்க்கரையும் குறைந்த மளிகைப் பொருட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் உணவியல் குழு பதில் தருகிறது.

கேள்வி: ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, மொழி இன்னும் பிடிபடவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. கொழுப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று சட்டெனத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. மொழி தெரியாவிட்டாலும் வரிசை தெரிந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் பாக்கெட்டின் பின்பக்க அட்டவணை ஒரே வரிசையில்தான் அச்சாகும்: ஆற்றல், கொழுப்பு, அதில் நிறைவுற்ற கொழுப்பு, மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்), அதில் சர்க்கரை, புரதம், உப்பு. நார்ச்சத்தைக் குறிப்பிட்டிருந்தால் அது புரதத்துக்கு மேலே வரும். 'அதில்' என்று தொடங்கும் வரிகள் பெரும்பாலும் சற்று உள்தள்ளி இருக்கும். ஜெர்மனில் அந்தச் சொல் 'டாஃபோன்', கொழுப்பு 'ஃபெட்', சர்க்கரை 'ட்சூக்கர்'. இந்த மூன்றும் கண்ணுக்குப் பழகிவிட்டால் கைபேசியை எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு இடங்களில் பலரும் தவறிவிடுகிறார்கள். ஒன்று, தசம எண். ஜெர்மனியிலும் பிரான்சிலும் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 3,5 என்றால் மூன்றரை, முப்பத்தைந்து அல்ல. இன்னொன்று, 'ஒரு பரிமாறலுக்கு' என்று பக்கத்தில் இருக்கும் பத்தி. அது தயாரிப்பாளர் தீர்மானிக்கிற அளவு. அவர் 30 கிராம் என்று எழுதியிருப்பார், நீங்கள் 80 கிராம் சாப்பிடுவீர்கள். 100 கிராமுக்கான பத்தியைக் கட்டாயம் தர வேண்டும் என்பது சட்டம். ஒப்பிடுவதற்கு அதை மட்டும் பாருங்கள்.

எவ்வளவு இருந்தால் குறைவு? திடப்பொருளில் 100 கிராமுக்குக் கொழுப்பு 3 கிராம், சர்க்கரை 5 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 1.5 கிராம், உப்பு 0.3 கிராம், இவற்றைத் தாண்டாவிட்டால் குறைவு. கொழுப்பு 17.5, சர்க்கரை 22.5, நிறைவுற்ற கொழுப்பு 5, உப்பு 1.5 கிராமுக்கு மேல் போனால் அதிகம். பிரிட்டனில் பாக்கெட்டின் முன்பக்கத்தில் பச்சையும் சிவப்பும் போடுவது இந்தக் கணக்கில்தான். பானங்களுக்குச் சர்க்கரை வரம்பு பாதி: 100 மி.லி.க்கு 2.5 கிராம். இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து முறை கடைக்குப் போய்வந்தால் மனப்பாடம் ஆகிவிடும்.

கேள்வி: 'கொழுப்பு குறைந்தது' என்று போட்ட பழச்சுவைத் தயிரைத்தான் தினமும் சாப்பிடுகிறேன். ஆனாலும் எடை குறையவில்லை. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: தவறு உங்களுடையது அல்ல. அந்த டப்பாவின் முன்பக்கம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

பாலிலிருந்து கொழுப்பை எடுத்தால் தயிரின் வழவழப்பும் ருசியும் போய்விடும். அதை ஈடுகட்டச் சர்க்கரை, ஸ்டார்ச், பெக்டின், சில வகைகளில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். (ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது, சைவ உணவினர் கவனிக்கவும்.) கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதுவும் சேர்க்காத வெறும் தயிரில் 100 கிராமுக்குச் சுமார் 5 கிராம் 'சர்க்கரை' என்று போட்டிருக்கும். அது பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ், கவலை வேண்டாம். பழச்சுவைத் தயிரில் அதே வரியில் 13 கிராம் இருந்தால், சேர்த்தது சுமார் 8 கிராம். 150 கிராம் டப்பாவுக்கு 12 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை.

இப்போது கலோரியைப் பாருங்கள். 3.5 சதவீதக் கொழுப்புள்ள முழுப்பால் வெறும் தயிர் 150 கிராமில் கொழுப்பு 5.25 கிராம், கிராமுக்கு 9 வீதம் 47 கலோரி. 1.5 சதவீதக் கொழுப்புள்ள உங்கள் பழச்சுவைத் தயிரில் கொழுப்பிலிருந்து 20 கலோரி, சேர்த்த சர்க்கரையிலிருந்து 48, ஆக 68. கொழுப்பைக் குறைத்த டப்பாதான் கலோரியில் மேலே நிற்கிறது!

வெறும் தயிரை வாங்குங்கள். 1.5 சதவீத வகை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் முழுப்பால் தயிரே போதும். ஒரு கைப்பிடி பழத்தை நீங்களே நறுக்கிப் போடுங்கள். உறைய வைத்த பெர்ரிப் பழங்கள் பெரும்பாலான நாடுகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. பொருட்பட்டியலில் பழம் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். இனிப்பு இல்லாமல் இறங்கவில்லை என்றால் முதல் வாரம் பழச்சுவைத் தயிரையும் வெறும் தயிரையும் சரிபாதி கலந்து சாப்பிட்டு, மெல்ல மெல்ல மாறுங்கள். நாக்கு பழகும்.

சாலட் டிரெஸ்ஸிங், மயோனைஸ் ஆகியவற்றின் 'லைட்' வகைகளிலும் கொழுப்பு போன இடத்தில் சர்க்கரையோ ஸ்டார்ச்சோ வந்திருக்கலாம், பட்டியலைப் பாருங்கள். 'லைட்' என்றால் குறைவு என்று பொருளும் இல்லை. ஐரோப்பாவில், ஒப்பிடத்தக்க பொருளைவிட 30 சதவீதம் குறைத்தாலே அப்படிப் போடலாம். அமெரிக்காவில் கொழுப்பு 'குறைக்கப்பட்டது' என்று போட 25 சதவீதம் போதும். 34 கிராம் கொழுப்புள்ள செடார் சீஸில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலும் 22 கிராமுக்கு மேல் மிச்சம் இருக்கும். அது இன்னும் சிவப்புதான்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். சமையல் எண்ணெய் ஸ்ப்ரேயில் கொழுப்பு 0 கிராம் என்று போட்டிருக்கிறது. எண்ணெயில் கொழுப்பு இல்லாமல் எப்படி?

பதில்: எண்ணெய் முழுக்கக் கொழுப்புதான். அங்கே ஒரு பரிமாறலில் 0.5 கிராமுக்குக் குறைவாகக் கொழுப்பு இருந்தால் சுழியம் என்று எழுதலாம். ஸ்ப்ரேயில் ஒரு பரிமாறல் என்பது கால் விநாடி, கால் கிராம் எண்ணெய். யாரும் கால் விநாடியில் விரலை எடுப்பதில்லை. வாணலி முழுவதும் படுமாறு நான்கு விநாடி அழுத்தினால் 4 கிராம், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் எண்ணெய். அதற்காக ஸ்ப்ரேயை ஒதுக்க வேண்டாம். கரண்டியால் ஊற்றுவதைவிட நிச்சயம் குறைவாகவே போகும். ஆனால் சுழியம் என்று நினைத்து அழுத்தாதீர்கள்.

இதே அரை கிராம் விதி டிரான்ஸ் கொழுப்புக்கும் உண்டு. 'சர்க்கரை இல்லாதது' என்ற வாசகத்துக்கும் உண்டு. அமெரிக்க அட்டவணை பரிமாறல் கணக்கில் இருப்பதால், இரண்டு பொருட்களை ஒப்பிட நீங்களே 100 கிராமுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பரிமாறல் அளவுக்குப் பக்கத்திலேயே கிராம் எடை இருக்கும். கிரனோலாவில் (ஓட்ஸும் கொட்டைகளும் கலந்த காலை உணவு) 55 கிராமுக்குச் சர்க்கரை 12 கிராம் என்றால், 12-ஐ 55-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 21.8 கிராம். சிவப்புக் கோட்டுக்கு மயிரிழையில் கீழே.

அந்த அட்டவணையில் ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' தனி வரியாக வரும். பெரிய நிறுவனங்களுக்கு 2020 முதல் அது கட்டாயம். பக்கத்தில் உள்ள சதவீதம், நாளுக்கு 50 கிராம் என்ற வரம்பை வைத்துப் போட்டது. 5 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் குறைவு. 20 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய்; இன்சுலின் போடுகிறேன். அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு மாறியபின் மாவுச்சத்துக் கணக்கு ஒத்துவரவில்லை. நார்ச்சத்தைக் கழித்துத்தான் கணக்கிடுகிறேன்.

பதில்: கோளாறு அந்தக் கழித்தலில்தான். அமெரிக்காவில் 'மொத்த மாவுச்சத்து' என்பதற்குள் நார்ச்சத்தும் அடக்கம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மாவுச்சத்து வரியில் நார்ச்சத்து ஏற்கெனவே நீங்கியிருக்கும். மறுபடி கழித்தால் கணக்கு குறைந்துபோகும், இன்சுலின் போதாது. 100 கிராமுக்கு மாவுச்சத்து 40, நார்ச்சத்து 7 கிராம் உள்ள பிரிட்டன் ரொட்டியில் நீங்கள் 33 என்று எடுத்திருப்பீர்கள். சரியான எண் 40. இனி அட்டவணையில் உள்ளதை அப்படியே எடுங்கள். அளவை மாற்றும் முன் உங்கள் மருத்துவரிடமோ நீரிழிவுச் செவிலியரிடமோ இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 'சர்க்கரை சேர்க்காதது' என்ற பழச்சாற்றைக் குழந்தைக்குத் தாராளமாகத் தரலாமா?

பதில்: தாராளமாக வேண்டாம். ஆரஞ்சுச் சாற்றில் 100 மி.லி.க்குச் சுமார் 8 முதல் 9 கிராம் சர்க்கரை இயல்பாகவே உண்டு, 250 மி.லி. தம்ளரில் ஐந்து டீஸ்பூன். பழத்தை மென்று தின்னும்போது கூடவே வரும் நார், சாற்றில் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றுச் சர்க்கரையையும் தேன், பாகுகளில் உள்ளதையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கில் வைக்கிறது. 2015-இல் அது சொன்ன அளவு: நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள். 2000 கலோரி உண்ணும் பெரியவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம்தான். குழந்தைக்கு இன்னும் குறைவு. பழத்தையே கொடுங்கள்.

ஓட்ஸ் பாலிலும் இது நடக்கும். ஓட்ஸின் ஸ்டார்ச்சை நொதி உடைக்கும்போது உள்ளேயே சர்க்கரை உண்டாகிறது. ஒரு சிட்டிகைச் சர்க்கரைகூடப் போடாமலே 100 மி.லி.க்கு 3, 4 கிராம் வந்துவிடும்.

கேள்வி: சர்க்கரை இல்லாத பிஸ்கட் சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதி ஆகிறது. ஏன்?

பதில்: பொருட்பட்டியலில் மால்டிடால் அல்லது சார்பிடால் இருக்கும். இந்தச் சர்க்கரை ஆல்கஹால்கள் குடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. மிச்சம் பெருங்குடலில் நீரை இழுத்து, நொதித்து, காற்றை உண்டாக்கும். 10 சதவீதத்துக்கு மேல் சேர்த்தால் 'அதிகம் உண்டால் பேதியாகலாம்' என்று எழுத வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அந்த வரி பெரும்பாலும் பொடி எழுத்தில்தான் இருக்கும். இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்துங்கள். மைதாவும் கொழுப்பும் அதில் அப்படியே இருப்பதால், எடைக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் இந்த பிஸ்கட்டால் பெரிய லாபம் இல்லை என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: ஜப்பானிய அட்டவணையில் சர்க்கரை வரியே காணோமே?

பதில்: அங்கே கட்டாயமானவை ஐந்தே: ஆற்றல், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, உப்பு, இதே வரிசையில். சர்க்கரை கட்டாயம் இல்லை. ஆகவே நான்காவது வரியையும் பொருட்பட்டியலின் முதல் மூன்று பொருட்களையும் பாருங்கள். எடை கூடியது முதலில் வரும். எண்கள் 100 கிராமுக்கா, ஒரு பாக்கெட்டுக்கா என்பதை அட்டவணையின் தலைப்பில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் பானங்களின் மேல் உள்ள ஏ, பி, சி, டி எதைக் குறிக்கிறது?

பதில்: சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும். பாக்கெட் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ளது. சர்க்கரைப்படி 100 மி.லி.க்கு 1 கிராம் வரை, இனிப்பூட்டியும் இல்லை என்றால் ஏ. 5 வரை பி. 10 வரை சி. அதற்கு மேல் டி. சி, டி பானங்களில் எழுத்தைப் போடுவது கட்டாயம்.

கேள்வி: ஜெர்மனியில் குவார்க் (தயிர் போல மென்மையான பாலாடைக்கட்டி) டப்பாவில் 40 சதவீதக் கொழுப்பு என்று பார்த்துப் பயந்து வைத்துவிட்டேன். சரிதானே?

பதில்: பயந்த அளவுக்கு இல்லை. 'ஃபெட் இ. டிஆர்.' என்பது தண்ணீரை நீக்கியபின் எஞ்சும் உலர்பொருளில் உள்ள கொழுப்பின் சதவீதம். குவார்க்கில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர். அதனால் 40 என்று போட்ட டப்பாவில் 100 கிராமுக்கு உள்ள கொழுப்பு சுமார் 11 கிராம்தான். 48 என்று போட்ட கௌடா சீஸில் தண்ணீர் குறைவு. அங்கே கொழுப்பு 29 கிராம் அளவுக்குப் போகும். சின்ன வித்தியாசம் போலத் தெரியும் எண்கள். தட்டில் இரண்டரை மடங்குக்கு மேல். முன்பக்கத்துச் சதவீதத்தை விட்டுப் பின்பக்க அட்டவணையின் இரண்டாவது வரியைப் பாருங்கள்.

உங்களுக்கு ஏற்றது 'மாகர்குவார்க்', அதாவது கொழுப்பு நீக்கிய பாலில் செய்த குவார்க். 100 கிராமில் கொழுப்பு அரை கிராமுக்கும் குறைவு, புரதம் சுமார் 12 கிராம், சேர்த்த சர்க்கரை இல்லை. மேலே தேங்கும் தெளிந்த நீரைக் கொட்டாமல் கலக்கிவிடுங்கள். கெட்டியாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி பால் ஊற்றி அடித்தால் தயிர் பதத்துக்கு வந்துவிடும்.