மருந்து ஊற்றியும் புள்ளி போகவில்லையே!

கேள்வி: என் தங்கமீன் உடம்பெல்லாம் உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கல்லில் போய் உரசிக்கொண்டே இருக்கிறது. மருந்து ஊற்றி 2 நாளாகியும் குறையவில்லை, ஏன்?

பதில்: 2 நாளில் குறையாது. இது வெள்ளைப்புள்ளி நோய். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது, முற்றி உதிர்ந்து பெருகி, குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி அடுத்த மீனைத் தேடும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் மருந்தைத் தொடருங்கள், தொட்டியில் உள்ள நோயில்லாத மீன்களுக்கும் சேர்த்து. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அதுவே குடித்துவிடும். அப்புறம் ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும். தீனி கொஞ்சமாகப் போதும், பாவம் பார்த்து அள்ளிப் போடாதீர்கள்.