வாசகர் கேள்வி–பதில்: கணக்கில் 529 ஓம், மீட்டரில் 40 ஓம்

கேள்வி: ‘230 வோல்ட், 100 வாட்’ என்று அச்சிட்ட பழைய இழை பல்பு ஒன்றின் மின்தடையைக் கணக்கிட்டேன், 529 ஓம் வந்தது. அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 40 ஓம்தான் காட்டுகிறது. பிழை கணக்கிலா, மீட்டரிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. 100 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் 0.435 ஆம்பியர், மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் 529 ஓம். ஆனால் இந்த விடை, பல்பு முழு ஒளியில் எரியும்போது, அதாவது டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தகதகக்கும்போது, அதற்குள்ள மின்தடை. மல்டிமீட்டரோ தன் சிறிய பேட்டரியிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தைச் செலுத்தியே அளக்கிறது என்பதால், இழை சூடேறாமல் அறை வெப்பநிலையிலேயே இருக்கிறது. உலோகம் சூடாகும்போது அதன் அணுக்களின் அதிர்வு மிகுந்து எலக்ட்ரான்களின் ஓட்டத்துக்கு இடையூறு கூடுகிறது. அதனால்தான் குளிர்ந்த இழையைவிடச் சுடர்விடும் இழைக்குப் பதின்மூன்று மடங்கு மின்தடை.

உங்கள் மீட்டர் காட்டிய 40 ஓமும் வீண் எண் அன்று. சுவிட்சைப் போட்ட கணத்தில் பல்பு அந்த நிலையில்தான் இருக்கிறது. 230ஐ 40ஆல் வகுத்தால் 5.75 ஆம்பியர், அதை 230ஆல் பெருக்கினால் 1,300 வாட்டுக்கும் மேல். விநாடியின் மிகச் சிறு பகுதிக்குள் இழை சூடேறி மின்னோட்டம் இறங்கிவிடுவதால் இது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏற்கெனவே மெலிந்துபோன இழை பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது அல்லாமல், சுவிட்சைப் போடும்போதே அறுந்துபோவதற்கு இதுவே காரணம்.

மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் ஓம் விதியை ஒப்பிக்கும்போது ‘வெப்பநிலை மாறாதிருக்கையில்’ என்ற தொடரையும் சேர்த்தே ஒப்பிக்கிறோம். கணக்குப் போட உட்கார்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம். 1827இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம், சோதனையின்போது புறநிலைகள் மாறாதிருக்க வேண்டும் என்பதில் மிகுந்த கவனம் செலுத்தியவர். அக்கால வேதி மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக நிற்காததால், அவற்றை விடுத்து, ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருக்கும்படி அமைத்த வெப்ப மின்னிரட்டையையே (இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் இரு உலோக இணைப்பு) அவர் மின்மூலமாகக் கொண்டார். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பெறும் மின்தடை, அளந்த அந்த நிலைக்கு உரியது. வேறொரு நிலைக்கும் அது பொருந்துமா என்பதைப் பொருளைப் பார்த்தே சொல்ல வேண்டும். ஹீட்டர்களில் உள்ள நைக்ரோம் (நிக்கல்–குரோமியம் கலவை) கம்பிக்கு இந்த மாற்றம் மிகக் குறைவு.

கேள்வி: மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் திறன் கிடைக்கும் என்கிறார்கள்; மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தாலும் திறன் என்கிறார்கள். மின்தடை கூடினால் முதல் சூத்திரப்படி திறன் கூட வேண்டும், இரண்டாவதன்படி குறைய வேண்டும். எது சரி?

பதில்: இரண்டும் சரியே. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் என்னும் ஒரே சூத்திரத்தின் இரு வடிவங்கள்தாம் அவை. மின்தடையை மாற்றும்போது எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

சுவர்ச் செருகியில் மாறாதிருப்பது மின்னழுத்தம். அங்கே இணைக்கும் 1,000 வாட் ஹீட்டரின் மின்தடை 52.9 ஓம், 2,000 வாட் ஹீட்டருக்கோ அதில் பாதி, 26.45 ஓம். மின்தடை குறைந்த ஹீட்டர்தான் அதிக வெப்பம் தருகிறது. அதே மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்து 207 வோல்ட் ஆனால், 1,000 வாட் ஹீட்டர் 900 வாட் தரும் என்று பலரும் எண்ணுவார்கள். வர்க்கத்தின்படி கணக்கிட்டால் 810 வாட்தான்.

ஹீட்டருக்குச் செல்லும் கம்பியிலும் செருகியிலும் நிலைமை வேறு. தொடரிணைப்பில் இருப்பதால் ஹீட்டர் இழுக்கும் அதே மின்னோட்டம் அவற்றின் வழியாகவும் பாய்கிறது. ஆகவே அங்கே மின்தடை மிகுந்த இடமே அதிகம் சூடாகும். தளர்ந்துபோன ஓர் இணைப்பில் 0.2 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். 1,000 வாட் ஹீட்டரின் 4.35 ஆம்பியர் பாயும்போது அந்த இணைப்பில் ஏறத்தாழ 3.8 வாட் வெப்பம் தோன்றும். 2,000 வாட் ஹீட்டருக்கு மின்னோட்டம் இரட்டிப்பாகி, வெப்பம் நான்கு மடங்காக, 15 வாட்டாக உயரும். சிறிய எண்ணாகத் தோன்றினாலும், விரல் நுனியளவு இடத்தில் குவியும் 15 வாட், செருகியின் பிளாஸ்டிக்கை உருக்கப் போதுமானது.

கேள்வி: மோட்டார் ஒன்று 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கிறது. பெருக்கினால் 460 வாட் வர வேண்டும். வாட்மீட்டர் 300 மட்டுமே காட்டுகிறதே?

பதில்: மாறுதிசை மின்னோட்டத்தில், மோட்டாரின் சுருள் காரணமாக மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருகிறது, அதனால் ஆற்றலின் ஒரு பகுதி சுருளின் காந்தப்புலத்தில் சேர்வதும் மின்மூலத்துக்கே திரும்புவதுமாக இருக்கிறது. 460 என்பதை வோல்ட்–ஆம்பியர் என்று சொல்ல வேண்டும், வாட் என்று சொல்லக் கூடாது. 300ஐ 460ஆல் வகுத்து வரும் 0.65 உங்கள் மோட்டாரின் திறன் காரணி, அதாவது அந்த 460இல் உண்மையாகச் செலவாகும் பங்கு. 230ஐ 2ஆல் வகுத்து வரும் 115 ஓமும் சுருளின் மின்தடை அன்று, இம்பீடன்ஸ், அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு மோட்டார் தரும் மொத்த எதிர்ப்பு. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் அதைவிடக் குறைவாகவே காட்டும். ஆனால் மோட்டாருக்கான கம்பியின் தடிமனைத் தேர்ந்தெடுக்கும்போது 300 வாட்டிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள்; கம்பியில் உண்மையாகப் பாய்ந்து அதைச் சூடாக்குவது அந்த 2 ஆம்பியர்தான்.